மகன் பிட்சராகிறானா? முதல் கையெழுத்துக்கு முன்னால் வீட்டில் முடிக்க வேண்டிய வேலைகள்

அமெரிக்காவில் வளரும் நம் பிள்ளைகளில் பேஸ்பால் ஆடுகிறவர்கள் இப்போது அங்கங்கே தென்படுகிறார்கள். பத்து வயதில் பக்கத்து வீட்டுப் பையனோடு சும்மா ஆரம்பித்திருப்பான். பதினாறு வயதில் ஒரு சனிக்கிழமை வலைக்குப் பின்னால் யாரோ ஒருவர் ரேடார் கன்னோடு வந்து உட்கார்ந்து, பிட்சராக, அதாவது பந்து எறிகிறவனாக, அவன் எறிகிற ஒவ்வொரு பந்தின் வேகத்தையும் குறித்துக்கொண்டு போகும்போதுதான் விஷயம் பெரிதாகிவிட்டது என்று நமக்கு உறைக்கும். கிரிக்கெட் என்றால் யோசனை சொல்ல வீட்டுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். இதற்குக் கேட்க ஒரு சித்தப்பாவோ மாமாவோ கிடையாது. தொழில்முறைக் கிளப்கள் முறைவைத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் பின்சுற்று ஒன்றில் எங்கள் மகன் எடுக்கப்பட்டு, இப்போது மேஜர் லீக் என்ற உச்ச நிலைக்குக் கீழே இருக்கும் மைனர் லீகில் ஆடுகிறான், அதுவரை வந்து சேர நாங்கள் அலைந்த அலைச்சலும் கேட்டு ஏமாந்த அரைகுறைத் தகவல்களும் கொஞ்சமல்ல. அடுத்து வருகிற அம்மா அப்பாக்கள் அதையே படக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலில் பேரம் பேசும் பலம் பையன் கையில் முழுசாக இருப்பது ஒரே ஒரு முறை, முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால். போட்ட பிறகு ஆறு, ஏழு வருஷம் அவன் எங்கே ஆடுவது, எவ்வளவு சம்பளம், எப்போது வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் கிளப் கையில். அதனால் கீழே சொல்லியிருப்பதில் பெரும்பகுதி கையெழுத்துக்கு முந்தைய வேலை.

1. முதலில் கை, அப்புறம்தான் வேகம்

மேஜர் லீக் பேஸ்பாலும் (எம்எல்பி) யுஎஸ்ஏ பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து 2014-இல் 'பிட்ச் ஸ்மார்ட்' என்று ஒரு வழிகாட்டி வெளியிட்டார்கள். அதை அச்செடுத்துக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். 11, 12 வயதில் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 85 பந்து. 13 முதல் 16 வரை 95. 17, 18 வயதில் 105. எறிந்த எண்ணிக்கைக்கு ஏற்ப ஓய்வு நாட்களும் உண்டு. 15, 16 வயதுப் பையன் 76 பந்தோ அதற்கு மேலோ எறிந்தால் நான்கு நாள் முழு ஓய்வு, 31 தொட்டாலே ஒரு நாள் ஓய்வு. இதோடு வருஷத்தில் நான்கு மாதம் போட்டியில் எறியாமல் இருக்க வேண்டும், அதில் இரண்டு மூன்று மாதமாவது தொடர்ச்சியாகக் கையைத் தலைக்கு மேல் தூக்கி எதையுமே எறியக்கூடாது.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், பள்ளி அணிக் கோச் ஒரு கணக்கு வைத்திருப்பார், ஊர் ஊராகப் போய் ஆடும் வார இறுதி டிராவல் அணிக் கோச் இன்னொரு கணக்கு வைத்திருப்பார், இரண்டையும் கூட்டிப் பார்க்க ஆள் இருக்காது. வியாழக்கிழமை பள்ளிக்காக 70 பந்து எறிந்த பையனைச் சனிக்கிழமை டிராவல் அணியில் ஏற்றிவிட்டு, "கை எப்படி இருக்கு" என்று அவனிடமே கேட்பார்கள். எந்தப் பையன் வலிக்கிறது என்று சொல்வான்? கணக்கு வைக்கிற ஆள் நீங்கள்தான். ஒரு சாதாரண நோட்டு போதும்: தேதி, எந்த அணி, எத்தனை இன்னிங்ஸ், எத்தனை பந்து, மறுநாள் காலையில் கை எப்படி இருந்தது. வார்ம்-அப்பில் எறிவதையும் புல்பென்னில் (பிட்சர்கள் பயிற்சிக்கு எறியும் இடம்) எறிவதையும் தனிக் கட்டத்தில் எழுதுங்கள். இந்த நோட்டு பின்னால் மருத்துவரிடமும் டிராஃப்ட் நேரத்திலும் எவ்வளவு உதவும் என்று அப்போதுதான் தெரியும்.

வாயால் சொல்லாவிட்டாலும் உடம்பு காட்டிக்கொடுத்துவிடும். ஆட்டம் முடிந்து காரில் ஏறும்போது பையை வழக்கமான தோளில் போடாமல் மறு தோளில் போடுகிறானா, முழங்கையின் உட்பக்கத்தைத் தன்னையறியாமல் தடவிக்கொள்கிறானா, சாப்பிடும்போது கையை முழுசாக நீட்டி மடக்குகிறானா என்று பாருங்கள். இரண்டு வாரம் இப்படி நீடித்தால் விளையாட்டுக் காயங்களைப் பார்க்கிற எலும்பு மருத்துவரிடம் போய்விடுங்கள். மூன்று மாதத்தில் வேகத்தை மணிக்கு ஐந்து மைல் கூட்டித் தருகிறேன் என்று விளம்பரம் செய்யும் பயிற்சி மையங்களுக்குப் பதினான்கு வயதுப் பையனை அனுப்பவே அனுப்பாதீர்கள். 2024 டிசம்பரில் எம்எல்பி வெளியிட்ட பிட்சர் காய அறிக்கையே, எப்போதும் முழு வேகத்தில் எறிகிற பழக்கத்தைத்தான் முக்கியக் காரணமாகச் சொல்கிறது.

2. ஒரு கோப்பு திறந்து எல்லாக் காகிதத்தையும் அதில் வையுங்கள்

ஒன்பதாம் வகுப்பிலேயே ஆரம்பித்துவிடுங்கள். பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், குடியேற்ற ஆவணங்கள், சோஷியல் செக்யூரிட்டி அட்டை இருந்தால் அது, தடுப்பூசி விவரம், மதிப்பெண் பட்டியல்கள், கைக்கோ தோளுக்கோ எடுத்த ஒவ்வொரு எக்ஸ்ரே, எம்ஆர்ஐ. ஸ்கேன் எடுத்தால் அறிக்கைத் தாள் மட்டும் போதாது, படங்களையும் கேட்டு வாங்குங்கள். பிற்பாடு கேட்டால் ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் இழுத்தடிப்பார்கள்.

நம் ஆட்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு, பெயர். ஊரில் எடுத்த பிறப்புச் சான்றிதழில் வெறும் பெயர் மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும், பள்ளியில் இனிஷியலை நடுப்பெயராகப் போட்டு வைத்திருப்பார்கள். கல்லூரி விளையாட்டுத் தகுதிப் பதிவில் ஒரு பெயர், டிராஃப்ட் பட்டியலில் ஒரு பெயர், ஒப்பந்தத்தில் ஒரு பெயர் என்று வந்துவிட்டால் ஒவ்வொரு இடத்திலும் விளக்கக் கடிதம் கேட்பார்கள். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே பள்ளிப் பதிவையும் இப்போதே மாற்றிவிடுங்கள். சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றையும் எடுத்துவையுங்கள்.

ஒன்பதாம் வகுப்போ பத்தாம் வகுப்போ இந்தியாவில் படித்திருந்தால் அந்த மதிப்பெண் பட்டியலையும், கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் தகுதி மையம் கேட்கும். ஊரில் இருக்கும் தாத்தா பாட்டியை அந்தப் பள்ளிக்கு அனுப்பி வாங்கச் சொல்வதானால் கோடை விடுமுறைக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அந்த மையத்தில் பதிவு செய்யச் சுமார் 100 டாலர் ஆகும், வெளிநாட்டுப் படிப்பு இருந்தால் அதைவிடக் கூடுதல். கல்லூரி விளையாட்டின் மேல்நிலையான டிவிஷன் 1-க்கு அவர்கள் ஏற்கிற 16 முக்கியப் பாடங்களும் குறைந்தது 2.3 ஜிபிஏவும் வேண்டும். படிப்பில் கெட்டியான நம் பிள்ளைகளுக்கு 2.3 பெரிதல்ல. ஆனால் எடுத்த பாடம் அந்த 16-இல் சேருமா என்று பள்ளி ஆலோசகரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

3. விசா நிலையைச் சரிபாருங்கள்

இதை எந்தக் கோச்சும் சொல்ல மாட்டார், அவருக்குத் தெரியவும் தெரியாது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளியிலோ கல்லூரியிலோ படிக்கிற பையன் எந்த நாட்டுக் குடிமகனாக இருந்தாலும் டிராஃப்டில்தான் வருவான். ஆனால் எடுக்கப்படுவது ஒன்று, வேலை செய்ய அனுமதி இருப்பது இன்னொன்று. ஒப்பந்தம் போடுவது சட்டப்படி வேலையில் சேருவது. எச்-1பி வேலை விசாவில் வந்தவர்களின் பிள்ளைகளுக்குத் தரும் எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கு வேலை அனுமதி கிடையாது. கிரீன் கார்டுக்காகப் பல வருஷமாக வரிசையில் நிற்கும் குடும்பங்களின் பிள்ளைகள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். 21 வயது நிறைந்ததும் எச்-4 முடிந்துவிடும், கல்லூரி மூன்றாம் வருஷம் டிராஃப்டுக்குத் தகுதி வருவதும் ஏறக்குறைய அதே வயதில்தான்.

இதற்கு வழி இருக்கிறது. தொழில்முறை விளையாட்டு வீரர்களுக்கான பி-1ஏ (P-1A) விசாவுக்குக் கிளப் மனுப் போடலாம். 2006 டிசம்பரில் வந்த சட்டத்துக்கு அப்புறம் மைனர் லீக் வீரர்களுக்கும் அந்த விசா கிடைக்கிறது. தனி வீரருக்கு ஒரு தடவைக்கு ஐந்து வருஷம் வரை கொடுப்பார்கள். ஆனால் டிராஃப்ட் முடிந்து ஒப்பந்தக் கெடு வரை இருப்பது சில வாரங்களே. அதனால் வசந்த காலத்திலேயே குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்து, உங்கள் பையனின் நிலையில் என்ன மாற்றம் எப்போது செய்ய வேண்டும் என்று எழுத்தில் வாங்கி, கிளப்புக்காக ஆள் தேடிப் பையனைப் பார்க்க வரும் ஸ்கவுட்டிடமும் அதைச் சொல்லிவிடுங்கள். மறைத்து வைத்து டிராஃப்ட் அன்றைக்குத் தெரியவந்தால் அவர்கள் பின்வாங்கிவிடுவார்கள். எஃப்-1 மாணவ விசாவில் கல்லூரிக்குப் போகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மற்ற வீரர்கள் வாங்குகிறார்கள் என்று விளம்பரப் பணத்தை இவர்களும் வாங்கினால் அது அனுமதியில்லாத வேலையாகிவிடும் ஆபத்து உண்டு.

குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் இந்தப் பகுதியை விட்டுவிடலாம். பாஸ்போர்ட் மட்டும் காலாவதியாகாமல் இருக்கட்டும். மைனர் லீகின் ஹை-ஏ நிலையில் நார்த்வெஸ்ட் லீகில் கனடாவின் வான்கூவர் அணி இருக்கிறது, எதிரணியில் ஆடினாலும் எல்லை தாண்ட வேண்டும்.

4. கல்லூரியா, நேரே டிராஃப்டா

மூன்று பாதை. உயர்நிலைப் பள்ளி முடித்த உடனே டிராஃப்டில் கையெழுத்துப் போடுவது. நான்கு வருஷக் கல்லூரியில் சேருவது, அப்படிச் சேர்ந்தால் மூன்றாம் வருஷம் முடியும்வரையோ 21 வயது ஆகும்வரையோ டிராஃப்ட் கதவு மூடிவிடும். இரண்டு வருஷ ஜூனியர் காலேஜில் சேருவது, அங்கிருந்து ஒவ்வொரு வருஷமும் டிராஃப்டுக்குப் போகலாம். இந்த மூன்றாவது பாதையை நம்மவர்கள் "கம்யூனிட்டி காலேஜா" என்று முகம் சுளித்துத் தள்ளிவிடுகிறார்கள். பிட்சருக்கு அது நல்ல பாதை. இன்னும் ஓர் அங்குலம் வளரப் போகிற, வேகம் இன்னும் ஏறப் போகிற பையனுக்கு வருஷாவருஷம் தேர்வு செய்யும் உரிமை கிடைப்பது சின்ன விஷயமல்ல.

டிவிஷன் 1 கோச்கள் பதினோராம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1 முதல்தான் பையனோடு நேரடியாகப் பேசலாம். அதற்கு முன்னால் "அவர்கள் உங்கள் பையனைப் பற்றி விசாரித்தார்கள்" என்று சொல்லிக் கண்காட்சி முகாம்களுக்கு ஆயிரக்கணக்கில் கட்டச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். எந்த முகாமுக்குப் போவது என்று முடிவு செய்ய எளிய வழி, அங்கே வரப்போகும் கல்லூரிக் கோச்களின் பெயர்ப் பட்டியலை எழுத்தில் கேட்பது. தர மாட்டேன் என்றால் போக வேண்டாம்.

உதவித்தொகை விஷயம் 2025-இல் தலைகீழாகிவிட்டது. முன்பு டிவிஷன் 1 பேஸ்பால் அணி மொத்தத்துக்கும் சேர்த்து 11.7 உதவித்தொகைதான், அதைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுப்பார்கள். நீதிமன்ற உடன்பாட்டுக்கு அப்புறம், அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த வரம்பு இல்லை, பதிலாக அணியில் 34 பேருக்கு மேல் இருக்கக்கூடாது. பணக்கார அணிகள் 34 பேருக்குமே முழுசாகக் கொடுக்கலாம், ஆனால் இடம் குறைந்துவிட்டது, அந்த இடத்துக்கும் வேறு கல்லூரியிலிருந்து மாறிவரும் 22 வயதுக்காரர்கள் போட்டி போடுகிறார்கள். வாய்மொழி வாக்குறுதிக்கு மதிப்பு இல்லை. கையெழுத்தான உதவித்தொகை ஒப்பந்தம் வந்த பிறகே ஊருக்குச் சொல்லுங்கள். ஹார்வர்டு, பிரின்ஸ்டன் மாதிரி ஐவி லீக் கல்லூரிகளில் விளையாட்டு உதவித்தொகை என்பதே கிடையாது, குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தருவது மட்டும்தான்.

5. ஆலோசகரும் "உங்கள் நம்பர் என்ன" என்ற கேள்வியும்

பையன் பெயர் வெளியே வந்ததும் ஏஜென்ட்கள் தேடி வருவார்கள். கல்லூரியில் ஆடும் தகுதி கெடாமல் இருக்க இந்தக் கட்டத்தில் அவர்களைக் 'குடும்ப ஆலோசகர்' என்ற அளவில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் இலவசமாகத் தரும் ஷூ, கையுறை, விமான டிக்கெட் எதையும் தொடாதீர்கள். கிளப்போடு அவர் நேரடியாகப் பேரம் பேசலாமா என்பதற்கு என்சிஏஏ விதி பள்ளி மாணவனுக்கு ஒரு மாதிரி, கல்லூரி மாணவனுக்கு வேறு மாதிரி. சேரப் போகும் கல்லூரியின் விதி அலுவலகத்திடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைக் கோப்பில் வையுங்கள். வீரர் சங்கத்தின் சான்று பெற்றவரா என்று பாருங்கள். தரகு வழக்கமாக 4 முதல் 5 சதவீதம், அதுவும் ஒப்பந்தம் முடிந்த பிறகு. முன்பணம் கேட்டால் அவர் வேண்டாம்.

அடுத்து ஸ்கவுட்கள். இவர்கள் வீட்டுக்கு வருவார்கள், கூடத்தில் உட்கார்ந்து காபி குடிப்பார்கள், மரியாதையாகப் பேசுவார்கள், பேச்சோடு பேச்சாகப் பையனிடம் "எவ்வளவு கொடுத்தால் கையெழுத்துப் போடுவாய்" என்று கேட்பார்கள். அந்த எண் அன்று இரவே கிளப்பின் கணினியில் ஏறிவிடும். உணர்ச்சிவசப்பட்டு, "பேஸ்பால்தான் என் உயிர், எவ்வளவு கொடுத்தாலும் போடுவேன்" என்று பையன் சொல்லிவிட்டால் பல லட்சம் டாலர் அந்த ஒரு வாக்கியத்தில் போய்விடும். டிராஃப்டுக்கு முந்தைய குளிர்காலத்திலேயே குடும்பமாக உட்கார்ந்து ஓர் எண்ணை முடிவு செய்யுங்கள். நான்கு வருஷக் கல்லூரிச் செலவு, வரி, தரகு மூன்றையும் கழித்த பிறகு கையில் என்ன நிற்க வேண்டும் என்று பார்த்து மேல்நோக்கிக் கணக்குப் போடுங்கள். அந்த எண்ணை வீட்டில் ஒருவர் மட்டுமே பேச வேண்டும். பையன் சொல்ல வேண்டியது, "அதை அம்மா அப்பாவிடம் கேளுங்கள்" என்பதோடு சரி.

6. மருத்துவப் பரிசோதனை: குமார் ராக்கருக்கு நடந்தது

பிட்சர் வீட்டில் எல்லோரும் இந்தக் கதையைத் தெரிந்திருக்க வேண்டும். குமார் ராக்கரின் அம்மா இந்திய வம்சாவளி, அப்பா டிரேசி ராக்கர் அமெரிக்கக் கால்பந்து வீரராக இருந்து கோச் ஆனவர். வாண்டர்பில்ட் கல்லூரியில் முதல் வருஷம், 2019-இல், டியூக் அணிக்கு எதிராக 19 ஸ்டிரைக்அவுட்டோடு (மட்டையாளரைப் பந்தாலேயே வெளியேற்றுவது) ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஆட்டத்தை முடித்த பையன். 2021 டிராஃப்டில் நியூயார்க் மெட்ஸ் பத்தாவதாக எடுத்தது, 60 லட்சம் டாலருக்குப் பேச்சும் முடிந்தது. அதற்கப்புறம் நடந்த மருத்துவப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு மெட்ஸ் ஒப்பந்தமே தராமல் விட்டுவிட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அந்தச் செப்டம்பரில் தோளில் ஓர் அறுவை சிகிச்சை, அடுத்த வருஷம் சுயேச்சை லீகான ஃபிரான்டியர் லீகில் ட்ரை-சிட்டி அணிக்காகச் சில ஆட்டங்கள். அதைப் பார்த்து 2022-இல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் மூன்றாவதாக எடுத்து 52 லட்சம் டாலர் கொடுத்தது. 2023-இல் முழங்கையில் டாமி ஜான் அறுவை சிகிச்சை, 2024 செப்டம்பரில் மேஜர் லீகில் முதல் ஆட்டம்.

அன்று ராக்கர் டிராஃப்டுக்கு முந்தைய எம்ஆர்ஐ திட்டத்தில் சேரவில்லை. மேஜர் லீக் கிளப்களும் வீரர் சங்கமும் போட்ட 2022 கூட்டு ஒப்பந்தத்தில் விதி இன்னும் தெளிவாகிவிட்டது. லீக் பட்டியலிடும் முதல் 300 பேரில் ஒருவனாக இருந்து, டிராஃப்டுக்கு முன்னாலேயே மருத்துவப் பரிசோதனைக்கு உட்பட்டால், எடுக்கிற கிளப் அந்த இடத்துக்கென்று லீக் குறித்திருக்கும் ஸ்லாட் தொகையில் குறைந்தது 75 சதவீதம் தந்தே ஆக வேண்டும், உடம்பைக் காரணம் காட்டிக் கழற்றிவிட முடியாது. இதில் சேருவதா என்பது ஸ்கேனில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால் முதலில் உங்கள் சொந்தச் செலவில், சொந்த மருத்துவரிடம் ஒரு எம்ஆர்ஐ எடுத்துத் தெரிந்துகொள்ளுங்கள். காப்பீடு ஏற்காவிட்டாலும் இதற்குச் செலவழிப்பது வீணாகாது. சின்னச் சின்னத் தேய்மானம் எல்லாப் பிட்சர் கையிலும் தெரியும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். பழைய ஸ்கேன்களை கோப்பில் வைக்கச் சொன்னேனே, இரண்டு வருஷமாக மாறாமல் இருக்கிறது என்று காட்ட அவைதான் சாட்சி.

7. டிராஃப்ட் நாட்கள்

ஜூலை நடுவில், ஆல்-ஸ்டார் ஆட்டத்தை ஒட்டி. 30 கிளப், 20 சுற்று. முதல் பத்துச் சுற்றில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு ஸ்லாட் தொகை உண்டு, 2025-இல் முதல் இடத்துக்கு ஒரு கோடியே பத்து லட்சம் டாலருக்குக் கொஞ்சம் மேல். ஒரு கிளப்புக்கு உள்ள எல்லா ஸ்லாட்டையும் கூட்டினால் வருவது அந்தக் கிளப்பின் மொத்தப் பை, அதற்குள் யாருக்கு எவ்வளவு என்பது அவர்கள் விருப்பம். பதினோராவது சுற்றிலிருந்து 1,50,000 டாலர் வரை கொடுப்பது பையில் சேராது, அதற்கு மேல் கொடுத்தால்தான் கணக்கில் வரும்.

நடைமுறையில் என்ன ஆகுமென்றால், பெயர் அறிவிப்பதற்குச் சில நிமிடம் முன்னால் ஆலோசகருக்கு அழைப்பு வரும், "இந்தத் தொகைக்குப் போடுவானா, ஆமா இல்லையா" என்பார்கள், யோசிக்க நேரமிருக்காது. குடும்பமாக எண்ணை முடிவு செய்யச் சொன்னது இந்த நிமிடத்துக்காகத்தான். சொந்தக்காரர்களை எல்லாம் அழைத்து டிவி முன்னால் உட்காரவைக்க வேண்டாம், பெயர் வராமலே நாள் முடிந்தால் பையனால் தாங்க முடியாது. எடுக்கப்படாமல் போனாலும் டிராஃப்ட் முடிந்ததும் சில கிளப்கள் நேரடியாகக் கூப்பிடும். அந்த மாலை போனைப் பக்கத்தில் வைத்திருங்கள். கையெழுத்துக் கெடு ஜூலைக் கடைசி அல்லது ஆகஸ்ட் தொடக்கம்.

8. ஒப்பந்தத்தில் கேட்டு வாங்க வேண்டியவை

மைனர் லீக் ஒப்பந்தம் அச்சடித்த ஒரே படிவம், அதில் மாற்றப் பெரிதாக இடமில்லை. பேசக்கூடியவை இரண்டு: போனஸ், படிப்புத் தொகை.

படிப்புத் தொகையைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். கிளப் பையனின் எதிர்காலக் கல்லூரிப் படிப்புக்கு ஒரு பருவத்துக்கு இவ்வளவு என்று எழுதித் தரும் திட்டம் அது. முதல் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும், பிறகு சேர்க்க முடியாது. எட்டுப் பருவமும் இருக்கிறதா, தொகை அவன் சேரவிருந்த கல்லூரியின் கட்டணத்துக்கு ஈடாக இருக்கிறதா, தங்குமிடமும் புத்தகமும் சேர்ந்ததா என்று பாருங்கள். கல்லூரியிலிருந்து வந்த உதவித்தொகைக் கடிதம் கையில் இருந்தால் அதை மேசையில் வைத்துப் பேசலாம். ஆட்ட வாழ்க்கை முடிந்து இரண்டு வருஷத்துக்குள் படிப்பைத் தொடங்காவிட்டால் உரிமை போய்விடும், கிடைக்கும் பணத்துக்கு வரியும் உண்டு.

போனஸ் வரும்போது முழுத் தொகை வராது. பத்து லட்சம் டாலர் வரை கூட்டாட்சி வரிக்கு 22 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள், உண்மையான வரி அதைவிட அதிகமாக வரும். அதனால் மேற்கொண்டு ஒரு பங்கை ஏப்ரல் வரை தொடாமல் வையுங்கள். இரண்டு காலண்டர் வருஷமாகப் பிரித்துக் கேட்கலாமா, எந்த மாநிலத்தில் வரி என்பதைக் கையெழுத்துக்கு முன்னால் ஒரு சிபிஏ கணக்காளரிடம் கேளுங்கள். டெக்சஸ், ஃபிளாரிடா குடும்பங்களுக்கு மாநில வரி மிச்சம்.

வயதையும் பாருங்கள். மைனர் லீக் வீரர்களுக்கான 2023 சங்க ஒப்பந்தப்படி 19 வயதிலோ அதற்கு மேலோ கையெழுத்துப் போடுகிறவர் கிளப் கட்டுப்பாட்டில் இருப்பது ஆறு வருஷம், 18 என்றால் ஏழு. பிறந்தநாள் டிராஃப்டுக்கு அருகில் இருந்தால் இது உங்களுக்கு முக்கியம். தொழில்முறை ஒப்பந்தம் போட்ட பிறகு கல்லூரி அணியில் பேஸ்பால் ஆட முடியாது என்பதையும் பையனுக்கு நிதானமாகப் புரியவையுங்கள்.

9. மைனர் லீகில் வாழ்வது

2023-இல் மைனர் லீக் வீரர்கள் சங்கம் மூலம் முதல் ஒப்பந்தம் போட்டார்கள், அது 2027 சீசன் வரை. அதில் தொடங்கிய குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம், கீழ்நிலையிலிருந்து மேலாக: பயிற்சி வளாக லீகில் 19,800 டாலர், சிங்கிள்-ஏ 26,200, ஹை-ஏ 27,300, டபுள்-ஏ 30,250, டிரிபிள்-ஏ 35,800. அதற்கு முன்னால் வளாக லீகில் 4,800 டாலர். தங்குமிடத்தைக் கிளப்பே தருகிறது. அப்படியும் பெரிய போனஸ் வாங்காத பையனுக்குக் கார், காப்பீடு, போன், குளிர்காலப் பயிற்சி மையக் கட்டணம் என்று போனால் மிச்சம் நிற்காது. வீட்டிலிருந்து கொஞ்சம் அனுப்பத் தயாராக இருங்கள்.

அவன் நாள் எப்படிப் போகும் என்று தெரிந்தால் உங்கள் கவலை பாதி குறையும். செவ்வாயிலிருந்து ஞாயிறு வரை ஒரே ஊரில் ஆறு ஆட்டம், திங்கள் பயணம் அல்லது ஓய்வு. இரவு ஏழு மணி ஆட்டத்துக்கு மதியம் ஒன்றரைக்கே மைதானத்தில் இருப்பான். ஆட்டத்தைத் தொடங்கும் ஸ்டார்ட்டர் என்றால் வாரத்துக்கு ஒரு ஆட்டம், இடையில் ஒரு நாள் புல்பென்னில் 25, 30 பந்து. மற்ற நாட்களில் ரப்பர் பட்டை இழுப்பு, கனமான பந்துகளைச் சுவரில் எறிவது, எடைப் பயிற்சி, நேற்று எறிந்த ஸ்லைடர் (பக்கவாட்டில் திரும்பும் பந்து) எத்தனை அங்குலம் திரும்பியது என்று டேப்லெட்டில் கோச்சோடு உட்கார்ந்து பார்ப்பது. ஆட்டத்தின் நடுவில் இறங்கும் ரிலீவர் என்றால் எந்த இரவும் அழைப்பு வரலாம். இரவு பதினொன்றுக்குத்தான் உங்களுக்குப் போன் செய்வான், ஒன்றிரண்டு வார்த்தைதான் பேசுவான். நான்கு ரன் கொடுத்த இரவில் ஏன் என்று கேட்காதீர்கள், சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

சைவக் குடும்பமென்றால் முதல் வாரமே கிளப்பின் உணவு நிபுணரிடம் பையனையே பேசச் சொல்லுங்கள், ஏற்பாடு செய்து தருவார்கள். ஒரு சின்ன மின்குக்கரும் அரிசியும் பருப்புப் பொடியும் இருந்தால் பஸ் ஊர்களில் சமாளித்துக்கொள்வான்.

எந்த நாள் காலையிலும் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டு விடுவித்துவிடலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. பின்சுற்றில் எடுத்தவனுக்குப் போட்ட முதலீடு குறைவு, அதனால் பொறுமையும் குறைவு. இதைப் பையன் முதல் நாளே அறிந்திருப்பது நல்லது.

10. கையில் காயம் வந்தால்

முழங்கை உட்பக்கத் தசைநார் கிழிந்தால் வேறோர் இடத்திலிருந்து நார் எடுத்துக் கட்டுவதுதான் டாமி ஜான் அறுவை சிகிச்சை, 1974-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதலில் செய்தது. திரும்பி எறிய 12 முதல் 18 மாதம். செலவும் சம்பளமும் கிளப் பொறுப்பு, ஆனால் வேலையிடக் காயம் என்று எழுத்தில் பதிவாகியிருக்க வேண்டும், அதனால் வலி வந்த அன்றே அணியின் காயங்களைக் கவனிக்கும் டிரெய்னரிடம் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். மறைத்துக்கொண்டு மூன்று ஆட்டம் எறிந்துவிட்டுச் சொன்னால் பதிவும் இல்லை, கையும் இல்லை. கிளப் மருத்துவர் சொன்னதற்கு மேல் இரண்டாவது கருத்துக் கேட்கும் உரிமை உண்டு, கத்தி வைப்பதற்கு முன்னால் கண்டிப்பாகக் கேளுங்கள்.

மறுவாழ்வுப் பயிற்சி அரிசோனாவிலோ ஃபிளாரிடாவிலோ இருக்கும் கிளப் வளாகத்தில் நடக்கும். ஆட்டமும் இல்லாமல் கூட்டாளிகளும் இல்லாமல் மாதக்கணக்கில் அதே துண்டை வைத்து அதே கை அசைவு. முடிந்தால் அம்மாவோ அப்பாவோ ஒரு வாரம் போய்க் கூட இருந்து சமைத்துப் போட்டுவிட்டு வாருங்கள். இணையத்தில் ஒரு கல்லூரிப் பாடம் எடுக்க இது தோதான காலம்.

11. மேலே அழைத்தால்

கிளப்பின் மேஜர் லீக் ஆட்டக்காரர்களுக்கான 40 பேர் பட்டியலில் சேர்ப்பதுதான் முதல் படி. 18 வயதில் போட்டவனை ஐந்து சீசனுக்குள், அதற்கு மேற்பட்ட வயதில் போட்டவனை நான்கு சீசனுக்குள் அதில் சேர்க்காவிட்டால், டிசம்பரில் நடக்கும் ரூல் 5 டிராஃப்டில் வேறு கிளப் எடுத்துக்கொள்ளலாம். மேஜர் லீக் குறைந்தபட்சச் சம்பளம் 2026-இல் 7,80,000 டாலர், ஆனால் மேலே இருந்த நாட்களுக்கு மட்டும். பிட்சரைக் கீழே அனுப்பினால் பொதுவாகப் 15 நாள் அங்கே இருக்க வேண்டும், ஒரு சீசனில் ஐந்து முறைக்கு மேல் இப்படி அனுப்ப முடியாது. 172 நாள் சேர்ந்தால் ஒரு வருஷச் சேவை, பொதுவாக மூன்று வருஷத்தில் சம்பளத்தை நடுவரிடம் கொண்டுபோகும் உரிமை, ஆறில் எந்தக் கிளப்போடும் பேசும் விடுதலை. 43 நாள் சேர்ந்தாலே ஓய்வூதிய உரிமை வரும், அதனால் சேவை நாட்களை நீங்களும் எண்ணி எழுதிவாருங்கள். இந்த எண்கள் வரும் மேஜர் லீக் கூட்டு ஒப்பந்தத்தின் காலம் 2026 டிசம்பர் 1 வரை, புதிதில் எண்கள் மாறலாம்.

12. முடிகிறபோது

விடுவித்த நாளிலேயே கேட்டு வாங்க வேண்டியவை: விடுவிப்புக் கடிதம், முழு மருத்துவக் கோப்பு ஸ்கேன் படங்களோடு, ஆடிய ஒவ்வொரு மாநிலத்துக்குமான வருமானச் சான்று. கை வலி இருக்கும்போது விடுவித்தால் கையெழுத்துப் போடுமுன் மருத்துவப் பதிவைச் சரிபார்க்க வேண்டும், காயத்தோடு விடுவிக்கப்பட்டவருக்கு உரிமைகள் வேறு. பி-1 (P-1) விசாவில் இருந்தால், எச்-1பி மாதிரி சில வேலை விசாக்களுக்குக் கிடைக்கும் 60 நாள் அவகாசம் இதற்குக் கிடையாது, அன்றே வழக்கறிஞரைக் கூப்பிடுங்கள். படிப்புத் தொகைக்கான இரண்டு வருஷக் கெடு எந்தத் தேதியில் முடிகிறது என்று கிளப்பிடம் மின்னஞ்சலில் கேட்டு, அந்தப் பதிலை ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள். கல்லூரியில் சேர்ந்து அந்தத் தொகையைக் கேட்கும்போது இந்த இரண்டு தாளும் கையில் இருக்க வேண்டும்.